பழக்கிக் கொடுத்த கவசம்

புதுச் செருப்பு காலைக் கடிக்கும் என்பதால், மிருதுளாவின் செருப்புகளை முதல் நான்கு நாள் வாசுகிதான் போட்டுக்கொண்டு நடப்பாள். மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது இருவர் பாதமும் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தன. கடவுள் தனக்கென்றே செய்துகொடுத்த ஏற்பாடாக அதை வாசுகி எடுத்துக்கொண்டாள். சேலை கட்டி, பள்ளிக்கூடக் கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்திருக்கிறாள். குதிகாலில் கொப்புளம் வந்தால் அதைக் கணவர் சிவநேசனிடம் காட்டுவாள்.

"உனக்கு மெடல் குத்தற எடம் அதுதான்," என்பார் அவர்.

அவர் கேலி செய்கிறார் என்று வாசுகிக்குத் தெரியும். ஆனாலும் மெடல் என்ற சொல் பிடித்திருந்தது.

கவசக் கிட் வந்தது மிருதுளாவின் பதினாறாவது பிறந்தநாளுக்கு. பெங்களூரிலிருந்து அவள் மாமன் அனுப்பியது. பெட்டிக்குள் நுரைத் தகடுகள், வார்கள், பசை, மயிரிழை போன்ற கம்பிச் சுருள்கள், கூடவே பாலாடை போல மெல்லிய சாம்பல் நிறத் துணி ஒன்று. கையேட்டில் அதற்கு உள்தோல் என்று பெயர். கவசத்தின் உட்புறம் ஒட்ட வேண்டியது. போட்டிருப்பவர் பயந்தால் அது ஒரு நொடியில் பலகை போல இறுகும்; இறுகும்போது கம்பிகளை இழுக்கும்; கம்பிகள் வெளியே உள்ள செதில்களை நிமிர்த்தும்.

மிருதுளாவுக்கு வேண்டியிருந்தது அந்தச் செதில்கள்தான். ஒரு வருடமாக அவள் ஒரு நோட்டில் படக்கதை வரைந்து வந்தாள். அதன் நாயகி அலங்கி. நம் மலைக்காடுகளில் திரியும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் அலங்கு என்ற எறும்புதின்னியின் செதில்கள் முளைத்த பெண். அந்த நோட்டை அவள் அம்மாவிடம் ஒரே ஒருமுறை காட்டியிருந்தாள். வாசுகி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு ரப்பரை எடுத்து அலங்கியின் முழங்காலை மட்டும் சரிசெய்துகொடுத்தாள். நோட்டு பிறகு கண்ணில் படவில்லை.

கோவையில் வருடாவருடம் நடக்கும் வேடத் திருவிழாவில் அலங்கியாகப் போய் நிற்க வேண்டும் என்பது மிருதுளாவின் ஆசை. மேடையில் முப்பது அடி நடந்து, மூன்று நிமிடம் சொந்தமாகப் பேச வேண்டும். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், அந்த மூன்று நிமிடம்தான் விஷயம். போன வருடம் பள்ளிப் பேச்சுப் போட்டியில் மழைநீர் சேகரிப்பைப் பற்றி வாசுகி எழுதிக்கொடுத்த உரையின் மூன்றாவது வரியில் மிருதுளா நின்றுவிட்டாள். இரண்டாவது வரிசையிலிருந்த வாசுகி நான்காவது வரியை வாயசைத்துக் காட்டினாள். மகளுக்குப் புரியவில்லை என்று இன்னும் பெரிதாக வாயசைத்தாள். கடைசியில் அரங்கமே மேடையை விட்டுவிட்டு வாசுகியைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு மிருதுளா மேடை ஏறியதில்லை. இப்போது அவளே கேட்கிறாள். இந்தத் தடவை எந்தத் தவறும் நடக்கக் கூடாது என்று வாசுகி முடிவு செய்தாள். தவறுகளெல்லாம் வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

சாப்பாட்டு மேசை பட்டறையாயிற்று.

"அம்மா, அது நான் பண்றேன்."

"நீயே பண்ணு கண்ணு. நான் ஓரத்தை மட்டும் சீவித் தர்றேன்."

வாசுகி பல்செட் செய்யும் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள். பல்லை இயந்திரமே அச்சடித்துத் தள்ளும் காலத்திலும், அதை ஈறில் உறுத்தாமல் உட்காரும்படி சீவுவதற்கு ஒரு மனிதக் கை வேண்டியிருந்தது. அந்தக் கை தன்னுடையது என்ற நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஓரத்தை மட்டும் சீவ உட்கார்ந்தவள், சாயங்காலத்துக்குள் நாற்பது செதில்களைச் சூடுகாட்டி வளைத்து முடித்துவிட்டாள். மிருதுளாவுக்குக் கிடைத்த வேலை அவற்றை எண்ணுவது.

"நாப்பது. வேற?"

"இன்னொருக்கா எண்ணீரு. தப்பாப் போயிரக் கூடாது."

"செதில் என்னம்மா, ஓடியா போயிரும்?"

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு செதில்களில் மிருதுளாவின் கையால் ஆனவை பதினொன்று. அவை கொஞ்சம் கோணலாக இருந்ததால் வாசுகி முதுகுப் பக்கம் ஒட்டினாள்.

கையேடு நாற்பத்தெட்டுப் பக்கம். கையேடு என்பது கை வராதவர்களுக்கு என்பது வாசுகியின் கட்சி. அவள் படங்களை மட்டும் பார்த்தாள். ஒரு படத்தில் ஒரு பெண் உள்தோலை உடைக்கு அடியில் போட்டுக்கொண்டு பேருந்தில் போகிறாள், காய் நறுக்குகிறாள், யாருடனோ பேசுகிறாள். பக்கத்தில் ஒரு கடிகாரம். ஐந்து மணி நேரம். வாசுகிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. போட்டுப் பழக்க வேண்டும். இதற்கென்றே பிறந்தவள் அல்லவா அவள்.

மிருதுளாவுக்கு அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பிள்ளையைத் தொந்தரவு செய்வானேன் என்று, மார்புக்கும் முதுகுக்குமான உள்தோலை வாசுகியே சுடிதாருக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அதோடு ஆய்வகத்துக்குப் போனாள். அங்கிருந்து நாத்தனார் சித்ராவின் மகன் நிச்சயதார்த்தத்துக்குப் போய் மூன்று மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். வீடு திரும்பும்போது உள்தோல் மெல்லிய ஒரு ஒலி எழுப்பியது. பழகிவிட்டது.

கைகளுக்கான உள்தோலில் மட்டும் சிக்கல். வாசுகியின் மேற்கை அதில் நுழையவில்லை. விரிந்துகொடுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. எவ்வளவு தூரம் என்று போடவில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை மிருதுளாவே அதை மாட்டிக்கொண்டு வேதியியல் படிக்க உட்கார்ந்தாள். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் வாசுகி உறுதியாக இருந்தாள். பால் கொடுக்க ஒருமுறை போனாள். டம்ளரை எடுக்க ஒருமுறை. ஆப்பிள் நறுக்கி வைக்க ஒருமுறை. தின்றாளா என்று பார்க்க இரண்டு முறை. போகும்போதெல்லாம் வாசலில் நின்று, "மிருது, முடிச்சிட்டியா?" என்று கேட்டாள். அது பாலையும் குறிக்கும், பாடத்தையும் குறிக்கும். ஆப்பிள் கடைசிவரை அப்படியே கிடந்து கறுத்துப் போயிற்று. அதற்கும் கொஞ்சம் பேசினாள்.

திருவிழா நாள் காலை பதினொரு மணிக்கு, மேடைக்குப் பின்னாலிருந்த ஒப்பனைக் கூடத்தில் மிருதுளா கவசத்தை முழுதாக அணிந்து நின்றபோது வாசுகி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். காய்ந்த புளியங்கொட்டை நிறத்தில், தோளிலிருந்து இடுப்புவரை அடுக்கடுக்காகச் செதில்கள். உள்ளே தன் பெண்தான் என்பதை நம்புவதற்குக் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது என்று மனதுக்குள் தனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள்.

பதிவு மேசையிலிருந்த அம்மாள் மிருதுளாவை நிமிர்ந்து பார்த்து, "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?" என்றாள்.

சடசடவென்று மார்புச் செதில்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

அந்த அம்மாள் மகிழ்ந்துபோய்க் கைதட்டினாள். ஆனால் செதில்கள் இறங்கவில்லை. மிருதுளாவால் மூச்சுவிட முடிந்தது, குனிய முடியவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் தளர்ந்தது. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தபோது மூலையில் யாருடைய போனோ அடித்தது, மறுபடி பலகை. அடுத்த அறையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து சிரித்தார்கள், அதற்கும் பலகை.

"இரு கண்ணு, நான் பாக்கறேன்," என்று வாசுகி ஓடினாள்.

இப்போது கைகளும் இறுகின. சோளக்கொல்லைப் பொம்மை போல இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றாள் மிருதுளா.

"என்னாச்சு? வலிக்குதா? எங்க இறுக்குது, சொல்லு."

"அம்மா. கொஞ்ச நேரம் பேசாம இரு."

வாசுகி பேசாமலிருந்தாள். கைகள் மெல்ல இறங்கின. "இப்ப பரவால்லையா?" என்றாள். கைகள் மறுபடி எழுந்தன.

கிட் நிறுவனம் கூடத்தின் மூலையில் ஒரு பழுது பார்க்கும் மேசை போட்டிருந்தது. அங்கே வேலுச்சாமி என்று சட்டைப் பையில் பெயர் குத்திய, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யாருடைய இறக்கையையோ ஒட்டிக்கொண்டிருந்தார். இறக்கையை வைத்துவிட்டுக் கவசத்தைத் தன் கையகலத் திரையோடு இணைத்தார்.

"உள்தோலப் பழக்குனது யாருங்க அம்மணி?"

"நாந்தாங்க," என்றாள் வாசுகி. அதைச் சொல்லும்போதும் அவள் குரலில் கொஞ்சம் மெடல் இருந்தது. "அஞ்சு மணி நேரம் முழுசாப் போட்டுப் பழக்கினேன்."

வேலுச்சாமி கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "போட்டுக்கப் போறவங்கதானுங்க பழக்கணும். இது மொதல்ல வயசானவங்களுக்குன்னு செஞ்சது. விழுகப் போறப்ப இடுப்பெலும்பு முறியாம இறுகிக்கும். விழுந்த பொறவு இறுகி என்ன புண்ணியம்? அதனால முன்னாடியே தெரிஞ்சுக்கணும். எந்தச் சத்தத்துக்கு ஒடம்பு பதறுது, எப்ப வேர்க்குது, எப்ப மூச்சு நிக்குது, எல்லாத்தையும் அஞ்சு மணி நேரம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கும். இப்ப இந்த மார்புத் தகடு பாப்பாவோட பயத்துக்கு இறுகலீங்க. உங்க பயத்துக்கு இறுகுது."

"எனக்கென்னங்க பயம்?" என்றாள் வாசுகி.

மனிதர் அதைக் கேள்வி என்று நினைத்துவிட்டார். திரையைத் தள்ளிப் படிக்கத் தொடங்கினார். "ஒரு போன் சத்தம் இருக்குது, இருபத்தாறு தடவை."

"எங்க மொதலாளி," என்றாள் வாசுகி.

"நாலஞ்சு பொம்பளைங்க ஒண்ணாச் சிரிக்கறது. 'யாரு பொண்ணு'ன்னு கேக்கறது. அப்பறம் ஒரு அம்மா குரல். 'அப்பறம் வாசுகி, பொண்ணு எப்படிப் படிக்கறா?' இதுக்குத்தான் ரொம்ப இறுகியிருக்குது. பாறையா நிக்குது பாருங்க."

மிருதுளா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது. "அம்மா. அது சித்ரா அத்தை. உனக்கு சித்ரா அத்தைய கண்டா பயமா?"

"சும்மா இருடி."

"அவங்க முன்னாடி அப்படிச் சிரிச்சிட்டு உக்காந்திருந்த."

வாசுகிக்குக் காது சுட்டது. ஆய்வகத்துக்கு அளவு பார்க்க வந்து பல்செட்டைக் கழற்றி உட்காரும் பெரியவர்களின் முகம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கழற்றியதும் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். தான் எதை வைத்து மறைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவைச் சரிசெய்தாள். நாற்பத்து நான்கு வருடம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்ததை ஒரு பாலாடைத் துணி ஐந்து மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டது.

"கை பிரச்சினையில்லீங்க," என்றார் வேலுச்சாமி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "கையைப் பாப்பாவே பழக்கியிருக்குது. பயமும் ஒண்ணே ஒண்ணுதான் பதிவாயிருக்குது. ஆனா அது நல்லா அழுத்தமா விழுந்திருக்குது."

"என்னது?"

அவர் திரையைத் தொட்டார். செருப்புச் சத்தம் கேட்டது, வாசல்வரை வந்து நின்றது. பிறகு ஒரு பெண்ணின் குரல், அன்பாக, கொஞ்சம் பாட்டுப் போல:

"மிருது, முடிச்சிட்டியா?"

மிருதுளாவின் கைகள் எழுந்தன.

வேலுச்சாமி பாதியில் விட்ட இறக்கையை எடுத்து அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் வாசுகி, மிகவும் தணிந்த குரலில். அப்படியும் கைகள் இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தன.

"அன்னிக்கே தெரியும். நீ வந்து வந்து கேட்டப்பல்லாம் கை மரமாயிருச்சு. ஆப்பிள எடுக்கவே முடியல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ." மிருதுளா கொஞ்சம் யோசித்தாள். "இல்லாட்டி, இதையும் நானே பழக்கித் தர்றேம்பே."

மேடைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. புதிதாகப் பழக்க ஐந்து மணி நேரம் வேண்டும். இணைப்பைத் துண்டித்தால் செதில்கள் எழாது. அலங்கி வெறும் நுரைத் தகடு. வேண்டாம், கழற்றிவிடலாம், இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாசுகி வாயைத் திறந்தாள். மகளின் கைகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"மார்புத் தகடு இருக்கட்டுங்க," என்று மிருதுளா வேலுச்சாமியிடம் சொன்னாள். "எனக்கு யாராச்சும் சிரிச்சா ஒண்ணும் ஆகாது. அது அம்மாவோட பயம்தான? நான் சும்மா போட்டுட்டுப் போறேன். கைதான்..." அவள் முடிக்கவில்லை.

"அம்மணி காதுக்கெட்டற தூரத்துல இல்லாட்டிப் போதும்," என்றார் அவர்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலிக்கு வாசுகி காலை எட்டு மணிக்கே துண்டு போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் வேலுச்சாமி அவளைத் தேடி வந்து கையகலத் திரையைக் கொடுத்தார்.

"எனக்கு உள்ள இன்னும் நாலு பேரு இருக்கறாங்க. இதை நீங்க பாத்துக்குங்க. மார்புத் தகடு ரெண்டு நிமிசத்துக்கு மேல இறுகியே இருந்தா மட்டும் இந்தப் பச்சையை அமுக்குங்க, மொத்தமும் தளந்துரும். அதுக்குள்ள அமுக்கீராதீங்க. போட்டிருக்கறவங்க மூச்சு நிதானமா இருந்தா அதுவாவே தளரும்."

உலகத்தில் எத்தனையோ பேரிருக்க, அந்த மனிதர் பச்சைப் பொத்தானை வாசுகியின் கையில் கொடுத்தார்.

வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. வாசுகி உட்கார்ந்து திரையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒலிபெருக்கி மிருதுளாவின் பெயரைச் சொன்னது சுவரைத் தாண்டி மங்கலாகக் கேட்டது. திரையில் கைகள் பச்சை. மார்பு பச்சை. பிறகு எங்கோ அலையாகச் சிரிப்பு எழுந்தது, மார்பு சிவந்தது. பக்கத்தில் நொடிகள் ஓடத் தொடங்கின.

பத்து. இருபது. குழந்தையால் குனிய முடியாது. மூன்றாவது வரியில் நின்றிருப்பாளோ? என்ன பேசப் போகிறாள் என்றுகூட வாசுகிக்குத் தெரியாது. எழுதித் தருகிறேன் என்று நான்கு தடவை கேட்டும் மிருதுளா காட்டவில்லை. ஐம்பது. வாசுகியின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. தொட்டால் போதும். யாருக்கும் தெரியாது. வாயசைத்தபோது நடந்ததைப் போல அரங்கமே திரும்பிப் பார்க்கப் போவதும் இல்லை. மகளின் செதில்கள் மட்டும் பாதி மேடையில் படுத்துவிடும்.

எழுபது. வாசுகி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வண்டி எடுக்க வந்த ஒருவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், சித்ராவைப் பார்த்துச் சிரிப்பதைப் போல. தொண்ணூறு. இடது கையும் இருக்கிறதே என்று நினைவு வந்தது. அதையும் அடியில் வைத்தாள். நூற்றுப் பத்து.

நூற்றுப் பதின்மூன்றில் மார்பு பச்சையானது. தானாக.

மகள் மூச்சு நிதானமாக இருக்கிறது. தன்னுடையதுதான் இல்லை என்று வாசுகி கவனித்தாள். அவள் உடம்பில் செதில் எதுவும் இல்லாததால் வெளியே தெரியவில்லை.

கையை விடுவித்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, திரையில் கைகள் இரண்டும் பளிச்சென்று சிவந்தன. கீழே எழுத்து ஓடியது: மிருது, முடிச்சிட்டியா?

வாசுகி பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. சுற்றிலும் பார்த்தாள்; வண்டிகள்தான் நின்றன. அடுத்த கணம் சுவருக்கு அந்தப் பக்கம் அரங்கமே சிரித்தது. இந்தத் தடவை மார்பு சிவக்கவில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அதன் முடிவில் கைதட்டல் தொடங்கியபோதுதான் அவளுக்குப் புரிந்தது. உள்தோலே ஏமாந்துபோகும் அளவுக்கு, அந்த அன்போடும் அந்தப் பாட்டோடும், மேடையில் யாரோ வாசுகியைப் போலப் பேசியிருக்கிறார்கள். அலங்கியின் செதில்களை எழுப்ப ஒரு வேட்டைக்காரன் வேண்டியிருந்திருக்கிறது. மிருதுளா தனக்கு நன்றாகத் தெரிந்த குரலில் அப்படி ஒருவரைச் செய்துகொண்டாள்.

கோபம் வரும் என்று வாசுகி காத்திருந்தாள். வரவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளுக்கு நான் ஏன் மழைநீர் சேகரிப்பை எழுதிக் கொடுத்தேன் என்றுதான் தோன்றியது.

மிருதுளா பக்கவாசல் வழியாக வந்தாள். கொஞ்சம் நொண்டினாள். பூட்ஸ் புதியது, தோழியோடு போய் வாங்கி, காலையில்தான் பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். குதிகாலில் நிச்சயம் கொப்புளம் வந்திருக்கும். முகம் வேர்த்து, மை கரைந்து, இதற்குமுன் வாசுகி பார்த்திராத ஒரு முகமாக இருந்தது.

வாசுகி எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். அவள் செருப்புச் சத்தத்துக்கு மிருதுளாவின் வலது கையில் ஒரு செதில் எழுந்தது. இன்னொன்று. மூன்றாவது. வாசுகி அங்கேயே நின்றுவிட்டாள். காலைப் பற்றி, மேடையைப் பற்றி, தண்ணீர் குடித்தாயா என்பதைப் பற்றிக் கேட்க வேண்டியவை எல்லாம் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. அவள் உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். பல் கழற்றிய ஆய்வகத்துப் பெரியவர்களைப் போலத் தன் முகம் இருக்கும் என்று தெரிந்தும் அப்படியே நின்றாள்.

நான்காவது செதில் எழவில்லை.

மிருதுளா அந்த மூன்று செதில்களைப் பார்த்தாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். நொண்டி நொண்டி மீதித் தூரத்தை அவளே நடந்து வந்தாள்.

"முடிச்சிட்டேம்மா," என்றாள்.